குங்குமம் காணாமல் போகும் மேடை

மேடையில் நிற்கும் ஒருவர்மேல் சிவப்பு விளக்கை மட்டும் பாய்ச்சிப் படம் எடுத்துப் பாருங்கள். நெற்றியில் குங்குமம் இருக்காது. அழியவில்லை, வைத்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் தோலும் சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது, குங்குமமும் அனுப்புகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டிய பச்சையும் நீலமும் அந்த விளக்கில் இல்லை. அதே நெற்றியில் பச்சை விளக்கு விழுந்தால் பொட்டு கரிப்பொட்டாகிவிடும். நீல விளக்கில் பொட்டும் கறுப்பு, முகமும் ஏறக்குறையக் கறுப்பு. திருநீறு மட்டும் மூன்று கோடுகளாகத் தனியே மிதக்கும்.

நெகிரி செம்பிலானில் இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் பக்கம் ஏதாவது ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போனால் போதும். பகலில் பால்குடமும் காவடியும், இரவில் கோவிலுக்கு எதிர்த் திடலில் கலை இரவு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தாயிற்று. சிரம்பானையும் நீலாயையும் ஒட்டியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். ஆனாலும் திருவிழாவன்று எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். உறுமி மேளம் ஏறும்போதே வாடகைக்கு வந்த எல்இடி விளக்குகள் ஊதா, பச்சை, சிவப்பு என்று மாறிமாறி அடிக்கும். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரும். ஆடிய பெண்பிள்ளைகள் நாவற்பழ நிறத்தில் இருப்பார்கள், உறுமிக்காரர் பச்சையாக இருப்பார்.

இந்த நிறச்சாய்வைக் கணினியில் சரிசெய்துவிடலாம் என்று படம் எடுப்பவர்கள் நம்புகிறார்கள். சில படங்களில் அது முடியும், ஒரே ஒரு இழுப்பில் முடிந்துவிடும். சில படங்களில் என்ன செய்தாலும் முடியாது. எது எந்த வகை என்பதை மென்பொருள் தீர்மானிப்பதில்லை. ஷட்டரை அழுத்திய நொடியில் என்ன விளக்கு எரிந்ததோ அதுதான் தீர்மானிக்கிறது.

பழைய விளக்குகளிலிருந்து தொடங்குவோம். மின்சாரம் தோட்டத்து லய வீடுகளுக்கு வராத காலத்தில் தோட்டத்து நாடகங்கள் கேஸ் லைட்டில்தான் நடந்தன. மண்ணெண்ணெய் ஆவி எரிந்து ஒரு வலைப்பையைச் சூடாக்கும், அந்த மேண்டில்தான் வெளிச்சம் தரும். அதைக் கண்டுபிடித்த ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்ஸைடு 99 பங்கும் சீரியம் ஆக்ஸைடு 1 பங்குமாகக் கலந்தபோதுதான் நல்ல வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். அங்கிருந்து மணல் ஐரோப்பாவின் மேண்டில் தொழிலுக்குக் கப்பலேறியது. தோட்டத்து அரிச்சந்திரன் மயானத்தில் அழுத வெளிச்சத்தில் நம் கடற்கரை மணலும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

நிற விஷயத்தில் அந்த விளக்கு யோக்கியமானது. சற்றுப் பச்சைச் சாயல் உண்டு, அவ்வளவுதான். வானவில்லின் எல்லா நிறமும் அதில் இருந்தது. அதற்குப்பின் வந்த டங்ஸ்டன் மேடை விளக்கும் அப்படியே. சூடான உலோகக் கம்பி சிவப்பை அள்ளிக் கொடுக்கும், நீலத்தைக் கிள்ளிக் கொடுக்கும், ஆனால் எதையும் அடியோடு மறுக்காது. அதன் நிறத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம்: சுமார் 3200 கெல்வின். நண்பகல் வெயில் 5500, மெழுகுவர்த்தி 1900. சூடான பொருள் எந்த வெப்பத்தில் எந்த நிறத்தை எவ்வளவு உமிழும் என்ற கணக்கை மாக்ஸ் பிளாங்க் 1900இல் எழுதிக் கொடுத்துவிட்டார். கேமராவிலும் மென்பொருளிலும் இருக்கும் கெல்வின் இழுப்பான் அந்தக் கணக்கின்மேல் நகர்வதுதான். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம்.

டியூப் லைட் இந்த மஞ்சள்-நீலக் கோட்டை விட்டு விலகியது. அதனுள்ளிருக்கும் பாதரச ஆவி 546 நானோமீட்டரில், அதாவது பச்சையில், ஒரு கூர்மையான கோடு போடும். கோவில் மண்டபத்தில் டியூப் லைட்டின் கீழ் எடுத்த பழைய படங்களில் குருக்கள் முகம் பச்சை பூத்திருப்பது அதனால்தான். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே நகரும் இரண்டாவது இழுப்பான், டிண்ட் என்பது, இந்த மாதிரி விலகலுக்காக வைத்தது. கொஞ்சம் மெஜந்தா சேர்த்தால் முகம் திரும்பிவிடும்.

எல்இடி வந்ததும் கதை வேறாகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று ஜப்பானியர் பிரகாசமான நீல எல்இடியைச் செய்துகாட்டினார்கள். 2014இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதற்குமுன் சிவப்பு எல்இடி இருந்தது, பச்சையும் இருந்தது. நீலம் சேர்ந்ததும் மூன்றையும் கலந்து எந்த நிறமும் காட்டலாம் என்றானது. மேடைப் பெட்டியில் இருக்கும் சில்லுகள் பெரும்பாலும் இப்படித்தான்: சிவப்பு 625 நானோமீட்டர் அருகே, பச்சை 525, நீலம் 460. ஒவ்வொன்றும் 20, 30 நானோமீட்டர் அகலமே. 560 முதல் 600 வரையுள்ள மஞ்சள் பகுதி ஏறத்தாழக் காலி. மூன்று சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ராகம் வாசிப்பதுபோல. தூரத்திலிருந்து கேட்டால் ராகம் இருக்கிற மாதிரியே இருக்கும்.

கண்ணுக்கு அது போதும். நம் விழித்திரையில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. அந்த மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்பட்டாலும் மூளை அதற்கு ஒரு நிறம் கொடுத்துவிடும். அதோடு நிற்பதில்லை. 1902இல் யோஹனஸ் ஃபான் கிரீஸ் என்ற ஜெர்மன் உடலியலர் ஒரு யோசனை சொன்னார்: மூன்று வகைச் செல்களும் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன, அதனால்தான் விளக்கு மாறினாலும் வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறது. போலராய்டு கேமராவைச் செய்த எட்வின் லாண்ட் இன்னும் மேலே போனார். பல நிறத் தாள்களை ஒட்டிய ஒரு பலகையின்மேல் மூன்று ஒளிக்கற்றைகளைப் பாய்ச்சி, பச்சைத் தாளிலிருந்து வரும் ஒளியை முன்பு சிவப்புத் தாளிலிருந்து வந்த ஒளியோடு அளவு பிசகாமல் பொருத்தினார். பார்த்தவர்கள் அப்போதும் பச்சை என்றே சொன்னார்கள். கண் ஒரு புள்ளியைத் தனியாகப் பார்ப்பதில்லை, சுற்றியுள்ள எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதனால்தான் திடலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது யாரும் பச்சையாகத் தெரியவில்லை.

கேமராவுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் உணரியின்மேல் இருக்கும் நிறச் சல்லடை, கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒயிட் பேலன்ஸ் என்று நாம் சொல்வது, இந்த மூன்று கூட்டத்தின் எண்களையும் தனித்தனியே பெருக்குவதுதான். ஃபான் கிரீஸ் கண்ணுக்குச் சொன்ன அதே கணக்கு. டங்ஸ்டன் விளக்கில் நீலம் குறைவாக வருகிறதா, நீல எண்களை இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கு. இரைச்சலும் கூடவே பெருகும், நீலத்தில் மணல்மணலாகத் தெரியும். பரவாயில்லை, நிறம் திரும்பிவிடுகிறது.

இப்போது 625 நானோமீட்டர் சிவப்பு எல்இடி மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கட்டங்களிலும் நீலக் கட்டங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பூஜ்ஜியத்தை எதனால் பெருக்குவது? நிறம் போனதோடு கூர்மையும் போகும். 2 கோடியே 40 லட்சம் கட்டங்கள் உள்ள கேமரா என்று காசு கொடுத்து வாங்கியது, அந்த நொடியில் 60 லட்சம் கட்டங்களில் மட்டுமே பார்க்கிறது. மீதி முக்கால்வாசி இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. சிவப்பு விளக்குப் படங்கள் ஏன் எப்போதும் குழைந்தமாதிரி இருக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம்.

நீல விளக்கில் வேறொரு வம்பு. படத்தின் பிரகாசத்தைக் கணக்கிடும்போது பச்சைக்குச் சுமார் 72 விழுக்காடு, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று எடை கொடுப்பது வழக்கம், நம் கண்ணின் போக்கு அப்படி. ஆகவே மேடை முழுக்க நீலமாக இருக்கும்போது பிரகாச வரைபடம் "இருட்டு, இன்னும் திற" என்று சொல்லும். அதை நம்பித் திறந்தால் நீலக் கட்டங்கள் நிரம்பி வழிந்துவிடும். நிரம்பிய கட்டம் எவ்வளவு வழிந்தது என்று சொல்லாது. முகத்தின் மேடு பள்ளம் போய் நீல அட்டையாக நிற்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் வரைபடம் பல கேமராக்களில் இருக்கிறது. மேடைப் படம் எடுப்பவர் அதைத்தான் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டாகத் தெரிந்தாலும் ஒன்றிரண்டு படி குறைத்தே எடுக்கலாம். ரா கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பல கேமராக்களில் 14 பிட், அதாவது 16,384 அளவுநிலைகள் உண்டு, தூக்கிவிட இடமிருக்கிறது. ஜேபெக்கில் 256 தான், அதுவும் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறம் பெருக்கி முடித்த பிறகு.

கேமராவின் தானியங்கி இஷ்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளச் செம்பனைக் காட்டில் பகலில் ஒரு குடும்பப் படம் எடுத்தால் போதும். காட்சியிலுள்ள எல்லா நிறத்தையும் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்பது தானியங்கிக்குச் சொல்லிக் கொடுத்த பழைய பாடங்களில் ஒன்று. நான்கு பக்கமும் பச்சை மட்டை. அது பச்சையைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டு மெஜந்தாவைச் சேர்க்கும், மாமாவும் அத்தையும் ரோஸ் பவுடர் பூசியமாதிரி வருவார்கள். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துச் சமாளிக்கின்றன. எல்இடி மேடையில் அவையும் தடுமாறும்.

ஆகவே நம்பத்தகுந்த ஒரு சாம்பல் வேண்டும். ஸ்டூடியோக்காரர்கள் அதற்கென்றே சாம்பல் அட்டை வைத்திருப்பார்கள். நம் மேடையில் அதைவிட நல்லது எல்லோர் நெற்றியிலும் இருக்கிறது. திருநீறு ஏறத்தாழ நடுநிலையான வெளுப்பு. விழும் ஒளியில் என்ன விகிதம் உண்டோ அதே விகிதத்தில் திருப்பி அனுப்பும். மென்பொருளின் சொட்டுக்குழாயைத் திருநீற்றுக் கோட்டில் வைத்து அழுத்தினால் பாதி வேலை முடிந்தது. திக்காகப் பூசியிருக்க வேண்டும், மெல்லிய பூச்சில் அடியிலுள்ள தோலின் பழுப்பு கலந்துவிடும்.

வெள்ளை வேட்டியைத்தான் பலர் அழுத்துகிறார்கள். அது ஏமாற்றும். வேட்டிக்கு நீலம் போட்டிருப்பார்கள், அது மஞ்சளை மறைக்கப் போட்ட நீலச் சாயம். சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பூட்டியோ கண்ணுக்குத் தெரியாத புறஊதாவைக் குடித்து நீலமாக உமிழும். இப்போதைய மேடைப் பெட்டிகள் சிலவற்றில் புறஊதாவை ஒட்டிய ஊதாச் சில்லும் இருக்கிறது. அது எரியும்போது வேட்டி விளக்காகவே மாறிவிடும். அந்த நீலத்தை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் மற்ற எல்லாம் மஞ்சளடிக்கும். மஞ்சள் பூசிய முகமும் மஞ்சளில் முக்கிய துணியும் இதே ஆட்டம் ஆடும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஊதா ஒளியை உறிஞ்சிப் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். விளக்கில் இல்லாத நிறம் படத்தில் எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம், அது பூசியவரின் தோலிலிருந்து வந்தது.

லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி, படம் எடுத்த பையனைப் பிடித்துக்கொண்டதை அருகிலிருந்து பார்த்தேன். "ஏண்டா தம்பி, பேத்தி கலியாணத்துக்கு எடுத்த பச்சப் பட்டுடா இது. சாவு வீட்டுக்குக் கட்டுன மாதிரி கறுப்பா ஆக்கிட்டியே?" பையன், "இல்ல பாட்டி, கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுத்துர்றேன்" என்றான். மாற்ற முடியாது. மேடையில் அப்போது எரிந்தது மெஜந்தா, அதாவது சிவப்புச் சில்லும் நீலச் சில்லும். பச்சைப் பட்டு இரண்டையும் விழுங்கிவிட்டது. அந்தப் படத்தில் பச்சைப் பட்டுக்கும் கறுப்புப் பட்டுக்கும் எண்ணளவில் வேறுபாடு கிடையாது. பையன் செய்யக்கூடியது தூரிகையெடுத்துப் பச்சை பூசுவது, அது திருத்தம் ஆகாது, ஓவியம். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதை நொடியில் செய்து கொடுக்கின்றன, நம்பும்படியாகவும் செய்கின்றன. ஆனால் பாட்டியின் பட்டு இலைப்பச்சையா கிளிப்பச்சையா என்று அவற்றுக்குத் தெரியாது, ஊகிக்கின்றன.

திருத்தத்துக்குக் கடைசி உரைகல் தோல். இதில் நமக்கு ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. 1950களிலிருந்து கோடாக், அச்சுக் கூடங்களுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. முதலில் அதில் நின்றவர் ஷர்லி பேஜ் என்ற வெள்ளைக்காரப் பணியாளர். அதன்பின் வேறு பெண்கள் நின்றாலும் பெயர் ஷர்லி அட்டை என்றே நிலைத்தது. அவர் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் கரித்துண்டாக வந்தன. பலநிற முகங்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. அதற்கு முன்பே பிலிமின் பழுப்பு நிறத்தைச் சீர்படுத்தத் தூண்டியவர்கள், தங்கள் சரக்கின் நிறம் சரியாக விழவில்லை என்று முறையிட்ட சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும். இதை ஆராய்ந்து எழுதிய கனடாப் பேராசிரியர் லோர்னா ராத்தின் கட்டுரையைப் படித்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

இயற்பியல் நமக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறது. தோலின் நிறம் மெலனினும் இரத்தத்து ஹீமோகுளோபினும் சேர்ந்து தருவது. மெலனின் கூடினால் தோல் இருளும், சாயல் அதிகம் மாறாது. எனவே வீடியோக்காரர்கள் பார்க்கும் நிறவட்டத்தில் வெளுத்த முகமும் கறுத்த முகமும் ஏறக்குறைய ஒரே கோட்டில், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில், விழுகின்றன. திருநீற்றில் நடுநிலை எடுத்துவிட்டு, கன்னம் அந்தக் கோட்டில் விழுகிறதா என்று பார்த்தால் போதும். விழவில்லையென்றால் விளக்கின் ஒளிமாலையில், அதாவது அதன் நிற வரிசையில், ஓட்டை இருக்கிறது என்று பொருள். வெண்மையாகத் தெரியும் மூன்று சில்லு எல்இடியில் இது அடிக்கடி நடக்கும்: திருநீறு வெள்ளை, முகம் மட்டும் இளஞ்சிவப்பு. அப்போது தோல் நிறத்தை மட்டும் தனியே பிடித்துச் செறிவைக் குறைக்க வேண்டும். வெளுப்பாக்கத் தேவையில்லை. நம்மவர்களில் பலர் திருத்தம் என்ற பெயரில் இரண்டு படி வெளுக்க வைத்துவிடுகிறார்கள், அது ஷர்லி அட்டையின் மிச்சம்.

சிவப்பு விளக்கில் எடுத்தது அறவே தேறாது என்றால் கறுப்பு வெள்ளைக்குப் போவதில் குறைச்சல் இல்லை. சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெலனின் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் உறிஞ்சுவதால், கறுத்த தோல் அந்தத் தடத்தில் மிருதுவாகவும் ஒளியோடும் வரும். பொட்டுதான் இருக்காது.

எல்லாச் சாய்வையும் நீக்கவும் கூடாது. தீமிதிக் குழியின் தணல் சுமார் 1000 கெல்வின். லைட்ரூம் மென்பொருளின் கெல்வின் இழுப்பான் 2000க்குக் கீழே இறங்குவதில்லை. அதற்காகத் தணலை வெள்ளையாக்கப் பார்ப்பவரை என்ன சொல்வது? பூசாரி கரகத்தோடு தணலோரம் நிற்கும்போது முகம் செம்பாக இருந்தது, அங்கே நின்ற எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். கற்பூர ஆரத்தியும் இந்த இனமே. புகைக்கரித் துகள் சூடாகி ஒளிர்வதால் அதன் ஒளிமாலையில் ஓட்டை கிடையாது. எல்இடி வெள்ளத்துக்கு நடுவே தட்டு முகத்தருகே வரும் அந்தக் கணத்தில் குங்குமமும் பட்டும் தங்கமும் தத்தம் நிறத்தில் எழும். பொறுத்திருந்து அப்போது அழுத்துங்கள்.

மற்ற நேரத்துக்கு ஒரு வேண்டுகோளே போதும். நிகழ்ச்சி தொடங்குமுன் ஒளிக்காரரிடம் போய், "அண்ணே, முன்னால ஒரே ஒரு வெள்ள லைட்ட மட்டும் அணைக்காம வச்சிருங்க, பின்னால என்ன கலர் வேணும்னாலும் அடிங்க" என்று கேட்கலாம். பெரும்பாலோர் வைப்பார்கள். பெட்டியில் வெள்ளைச் சில்லு தனியாக இருந்தால் அதைப் போடச் சொல்ல வேண்டும். அது நீல எல்இடியின்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது, மஞ்சள் பகுதி காலியாக இருக்காது. அதுவும் இல்லையா, பிளாஷ். மேடையின் அழகு கெட்டுவிடும் என்று இப்போது பலர் பிளாஷைத் தொடுவதே இல்லை. கால்வாசிப் பலத்தில் போட்டால் பின்னணி நிறம் அப்படியே இருக்கும், முகத்துக்கு மட்டும் முழு ஒளிமாலை கிடைக்கும். செனான் குழாய், சுமார் 5500 கெல்வின், பகல் மாதிரி.

பழைய தோட்டத்துப் படக்காரர்களுக்கு பிளாஷை விட்டால் வேறு வழி இருந்ததில்லை. லயத்து வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இருக்கும் 1970கள், 80கள் காலத்துக் கலர்ப் பிரதிகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் செக்கச் செவேலென்று இருக்கும். பிரதியிலுள்ள மூன்று சாயங்களில் சியான், நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும், இருட்டிலேயே வைத்திருந்தாலும் முதலில் வெளுத்துப்போகும். சியான் போனால் சிவப்பு மேலெழும். ஆனால் முழுதாகப் போவதில்லை. ஸ்கேன் செய்து சிவப்புத் தடத்தை மட்டும் இழுத்து விரித்தால், மிச்சமிருக்கும் கொஞ்சம் சியானிலிருந்து நாடகத்து வள்ளியின் பச்சைச் சேலை பச்சையாக எழுந்து வரும். நாற்பது வருஷம் பெட்டியில் வெந்த படம் தேறிவிடுகிறது. போன வாரம் மெஜந்தா விளக்கில் எடுத்த பச்சைப் பட்டு தேறுவதில்லை.